முதுகின் ஆழ்தசைகள்: மாட்டுங்கா பக்கம் என்னிடம் வரும் கேள்விகள்

மும்பையில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று சுற்றுவட்டாரத் தமிழர்கள்தான் வருகிறவர்களில் பாதிக்கு மேல். "கமர்ல பிடிச்சிருக்கு மேடம்" என்று இந்தி கலந்து ஆரம்பிப்பார்கள், வலியைச் சொல்லப் போனதும் "சுள்ளுன்னு இழுக்குது, குனிஞ்சா நிமிர முடியல" என்று ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் கேட்டதும் சில இதில் கலந்திருக்கிறது. வரிசையெல்லாம் பெரிதாகப் பார்க்கவில்லை.

முதுகுத் தசை என்றால் ஜிம்மில் ஏற்றுகிறோமே, அதுதானே?

அது பெரும்பாலும் கைத்தசை. கண்ணாடியில் திரும்பி நின்று பார்த்தால் தெரிகிற அந்த அகலம் லாட்டிசிமஸ் டார்சை, அது இடுப்பிலிருந்து கிளம்பி அக்குள் வழியாகப் போய் மேல்கை எலும்பில் முடிகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மேடாக இருக்கும் ட்ரபீசியஸ், அதற்கு அடியில் இருக்கும் ராம்பாய்டு இரண்டும் தோள்பட்டையைப் பிடித்து இழுக்கிற தசைகள். முதுகு இவற்றுக்கெல்லாம் வாடகை வீடு மாதிரி. இருப்பது இங்கே, சம்பளம் வாங்குவது கையிடம்.

நரம்பைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். முதுகுத்தண்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு நரம்பும் முன்கிளை, பின்கிளை என்று இரண்டாகப் பிரியும். முன்கிளைதான் பெரியது, கை கால் மார்பு வயிறு எல்லாம் அதன் கணக்கு. பின்கிளை சின்னது, அது முதுகுக்கு மட்டும். லாட்டிசிமஸுக்கும் ராம்பாய்டுக்கும் முன்கிளையிலிருந்துதான் நரம்பு வருகிறது, ட்ரபீசியஸுக்கு அதுவும் இல்லை, பதினோராவது மூளை நரம்பு நேராகக் கழுத்து வழியாக இறங்கி வருகிறது. பின்கிளையிடம் நரம்பு வாங்குகிற தசைகள் எல்லாம் இவற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அவைதான் அசல் முதுகுத் தசைகள்.

அடியில் இருப்பதை எங்கே போய்ப் பார்ப்பது? படத்தில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

மீன்கடையில். கேலிக்கு இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வஞ்சிரம் வாங்குங்கள், இங்கே சுர்மை என்று கேட்டால்தான் தருவார்கள். குறுக்கே வெட்டிய துண்டில் வால் பக்கத்துத் துண்டாக ஒன்றை எடுத்து வறுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். நடுவில் வட்டமாக எலும்பு, அதைச் சுற்றி நான்கு சதைப் பாகம். மேலே இரண்டு, கீழே இரண்டு, இடையில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய சவ்வு. மேலே இருக்கிற அந்த இரண்டு பாகமும் நம் முதுகின் ஆழ்தசைகளும் கருவில் ஒரே இடத்திலிருந்து உருவாகிறவை, அவற்றுக்கும் பின்கிளைதான் நரம்பு. கீழ்ப்பாகத்தின் வழியில்தான் நமக்கு விலாவுக்கு நடுவில் இருக்கும் தசையும் வயிற்றுத் தசையும் வருகின்றன. மீனுக்குக் கை இல்லை, அதனால் முதுகின் மேல் போர்வை மாதிரி வந்து விழும் கைத்தசையும் இல்லை, அசல் முதுகு அப்படியே வெளியே தெரிகிறது.

மீன் சாப்பிடாதவர்கள் மன்னிக்கவும். ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் சாப்ஸில் எலும்போடு ஒட்டி வட்டமாக வரும் கறியைப் பார்க்கலாம், அது பெரும்பாலும் லாஞ்சிசிமஸ் என்ற ஆழ்தசை.

மொத்தம் எத்தனை அடுக்கு?

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் அது போதும்.

முதல் அடுக்கு ஸ்ப்ளீனியஸ். கழுத்தின் பின்னால் கட்டுத்துணி சுற்றிய மாதிரி சாய்வாகப் போகும், அந்தப் பெயருக்கே கட்டுத்துணி என்றுதான் பொருள். தலையைப் பின்னால் சாய்க்கவும் ஒரு பக்கமாகத் திருப்பவும் உதவுகிறது.

இரண்டாவது எரெக்டர் ஸ்பைனே. இடுப்பில் கை வைத்து நின்றால் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும், முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு மாதிரி ஓடும் மேடு. கீழே திரிக எலும்பிலும் (முதுகெலும்பின் அடியில், இரு இடுப்பெலும்புக்கும் நடுவில் இருப்பது) இடுப்பெலும்பின் விளிம்பிலும் ஒன்றாகக் கிளம்பி, மேலே போகப் போக மூன்றாகப் பிரிகிறது. வெளிப்பக்கம் இலியோகாஸ்டாலிஸ், அது விலா எலும்புகளில் படிப்படியாக ஒட்டிக்கொண்டே ஏறும். நடுவில் லாஞ்சிசிமஸ், இதுதான் நீளம், இதன் கடைசிப் பகுதி காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேடு வரை போய்விடுகிறது. உட்பக்கம் ஸ்பைனாலிஸ், முள்நீட்டத்திலிருந்து (முள்ளெலும்பின் நடுவில் பின்பக்கம் துருத்தி நிற்கும் முள்) முள்நீட்டத்துக்கு. மூன்றில் மெலிந்தது அதுதான். பெயர் மறந்து போகிறவர்கள் வெளியிலிருந்து உள்ளே "இ, லா, ஸ்பை" என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் வகுப்பில் அப்படித்தான் ஒப்பித்தோம்.

மூன்றாவது அடுக்குதான் எனக்குப் பிடித்தது. நேராக மேலே போகாமல் சரிவாகப் போகிற தசைகள். ஒரு முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்டத்தில் கிளம்பி, அதற்கு மேலே இருக்கிற முள்ளெலும்பின் நடு முள்ளில் போய் முடியும். எத்தனை எலும்பு தாண்டுகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. நாலிலிருந்து ஆறு தாண்டினால் செமிஸ்பைனாலிஸ், இரண்டிலிருந்து நாலு என்றால் மல்டிஃபிடஸ், ஒன்று அல்லது இரண்டு என்றால் ரோட்டேட்டோர்ஸ். ஆழத்துக்குப் போகப் போக நீளம் குறையும். இன்னும் அடியில், பக்கத்துப் பக்கத்து எலும்புகளை மட்டும் இணைக்கிற குட்டித் தசைகள் இருக்கின்றன. இழுக்கிற பலம் அவற்றுக்குக் கொஞ்சம்தான், ஆனால் எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிற உணர்விகள் அங்கே நிறைய. இவற்றை ஒற்றர்கள் என்று சொல்லலாம்.

குவாட்ரேட்டஸ் லம்போரம், சோயாஸ் இரண்டும் இதில் சேருமா?

சேராது. முதுகெலும்பை ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் வயிற்றின் பின்சுவர். முன்கிளை நரம்பு.

மல்டிஃபிடஸ், மல்டிஃபிடஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன?

கீழ் முதுகில், வேட்டி கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நடு முள்ளை ஒட்டி விரலை வைத்தால் சதைப்பற்றாக இருக்கிறதே, அங்கே மற்ற தசைகள் மெலிந்து தசைநாராகிவிடும், மல்டிஃபிடஸ்தான் தடித்து நிற்கும். இதன் இழைகள் குட்டை, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். குட்டை இழை நிறைய இருந்தால் தூரம் இழுக்க முடியாது, ஆனால் இறுக்கிப் பிடிக்க முடியும். குனியக் குனிய இதன் பிடிப்புத் திறன் கூடும் என்பது இதன் இன்னொரு விசேஷம், முதுகு எப்போது ஆபத்தான நிலைக்குப் போகிறதோ அப்போது பலம் ஏறுகிற மாதிரி அமைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1994-இல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது, முதுகு வலி வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் வலியோ அந்தப் பக்கத்து மல்டிஃபிடஸ், அதுவும் வலிக்கிற மட்டத்தில், மெலிந்திருந்தது. 1996-இல் இன்னொன்று கண்டார்கள். முதல் முறையாக வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நாலு வாரத்துக்குள் வலி போய்விட்டது, ஆனால் இந்தத் தசைக்கென்று பயிற்சி செய்யாதவர்களுக்கு 10 வாரம் கழித்தும் தசை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. "வலி போயிடுச்சு, இனி எதுக்கு வரணும்" என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அப்படியும் அவர்கள் வருவதில்லை, அது வேறு கதை.

லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் நின்று வருகிறேன். முதுகு என்ன செய்துகொண்டிருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெண்கள் பெட்டியில் நின்றபடி இதைப் பல நாள் கவனித்திருக்கிறேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன், பிடிமானத்தை யாரும் பிடிப்பதில்லை. தண்டவாளம் மாறுகிற இடத்தில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கும், மொத்தப் பெட்டியும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிரும், போனிலிருந்து ஒரு கண்கூட நிமிராது. அந்த நிமிர்த்தலில் பெரிய பங்கு ஆழ்தசைகளுடையது. எரெக்டர் ஸ்பைனேவில் களைக்காமல் வேலை செய்கிற மெதுவகை இழைகள்தான் அதிகம், அதனால்தான் கால் கடுத்துப் போன பிறகும் முதுகு தாக்குப்பிடிக்கிறது.

இன்னும் வேடிக்கை, வண்டி உலுக்குவதற்காக அவை காத்திருப்பதுகூட இல்லை. நீங்கள் கையைத் தூக்கிப் பிடிமானத்தைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், தோள் தசை இயங்குவதற்கு ஒரு கணம் முன்பே நடு உடம்பின் ஆழ்தசைகள் இறுகிவிடும். பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996-இல் வயிற்றின் ஆழ்தசையில் இதை அளந்து காட்டினார்கள், முதுகு வலி உள்ளவர்களுக்கு அந்த முன்னேற்பாடு தாமதமாவதையும் கண்டார்கள். மல்டிஃபிடஸின் உள் இழைகளிலும் இதே மாதிரியான முன்னேற்பாடு இருப்பதாகப் பின்னால் வந்த அளவீடுகள் சொல்கின்றன.

குனிந்து தூக்கும்போதுதானே பிடிக்கிறது? அங்கே என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. எழுந்து நின்று இரண்டு கட்டைவிரலையும் கீழ் முதுகில் அந்த மேடுகளின் மேல் வையுங்கள். நேராக நின்றால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். தலையையும் மார்பையும் லேசாக முன்னால் சாயுங்கள், சட்டென்று கட்டை மாதிரி இறுகும். இன்னும் குனியுங்கள், அப்படியே இறுக்கமாகவே வரும். கை தரையைத் தொடப் போகிற அளவுக்கு முழுதாகத் தொங்கவிட்டால், பலருக்கு அது திரும்பவும் மெத்தென்று ஆகிவிடும். தசை கையை விரித்துவிட்டது! ஃபிளாய்டும் சில்வரும் 1955-இல் மின்பதிவு எடுத்து விவரித்தது இதைத்தான். அந்த நிலையில் உடம்பைத் தாங்குவது பெரும்பாலும் முதுகின் பின்பக்க நார்களும் இழுபட்டு நிற்கிற தசையின் வெறும் இழுவிசையும்தான். முதுகு வலி உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தளர்வு வருவதே இல்லை, பயத்தில் தசை கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

தாராவியிலிருந்து காலையில் சைக்கிளில் இட்லிப் பானையோடு கிளம்புகிற ஒரு அண்ணாச்சி வருவார். "தலையில வச்சுத் தூக்குன காலத்துல ஒண்ணும் இல்லம்மா, சைக்கிள்ல வச்ச பெறகுதான் இடுப்பு போச்சு" என்றார். கேட்டுப் பார்த்தால், கேரியரில் வைப்பதற்காகப் பானையைக் கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துத் தூக்குகிறார். கணக்கு எளிது. எரெக்டர் தசை முதுகெலும்பு மூட்டின் அச்சுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால் இருக்கிறது. பானை 50 செ.மீ. முன்னால் இருந்தால் பத்து மடங்கு, அதாவது 10 கிலோ பானைக்குத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும், இதில் அவருடைய உடம்பின் எடை சேரவில்லை. தலையில் இருந்தபோது எடை அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது, தசைக்கு நிதானம் பார்க்கிற வேலை மட்டும்தான். அவரிடம் பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கச் சொன்னேன். "சூடா இருக்குமே" என்றார். நியாயம்தான், சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன்.

இது வாயுப் பிடிப்பா? கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் போகும் என்கிறார்களே?

வாயு தசைக்குள் போய் அடைத்துக்கொள்வதில்லை. திடீரென்று பிடிக்கிறபோது நடப்பது, உள்ளே ஏதோ ஒரு மூட்டோ, முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டோ, நாரோ உறுத்த, சுற்றியிருக்கிற தசைகள் அந்த இடத்தை அசையவிடாமல் காவலுக்கு இறுகிவிடுவது. அந்த இறுக்கமே ஒரு வலி. சுருக்கென்று வந்த முதுகுப் பிடிப்புகளில் பெரும்பாலானவை சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும், அதனால் அந்த இடைவெளியில் யார் மிதித்தாலும் நல்ல பெயர் அவருக்குத்தான். வென்னீர் ஒத்தடம் இதமாக இருக்கும், செய்யுங்கள். மிதிக்கிறது வேண்டாம், முக்கியமாக வயதானவர்களுக்கு, எலும்பு மெலிந்திருந்தால் நொறுங்கிப் போகும்.

கழுத்துக்கு மேலே, மண்டை ஆரம்பிக்கிற இடத்தில் பாரமாக இருக்கிறது. அதுவும் முதுகுத் தசையா?

ஆமாம், அங்கே பக்கத்துக்கு நாலு சின்னத் தசைகள், சப்-ஆக்சிபிடல் என்று பெயர். மண்டையோட்டையும் முதல் இரண்டு கழுத்தெலும்பையும் இணைக்கின்றன. இரண்டு கையின் விரல்நுனிகளையும் மண்டை விளிம்புக்கு அடியில் அழுத்தி வைத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடதும் வலதுமாக ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ துடிக்கிற மாதிரி தெரிந்தால் அவைதான். கண்ணோடு அவ்வளவு கூட்டு. மணிக்கணக்காக லேப்டாப்பைப் பார்த்து மோவாயை முன்னால் தள்ளி உட்கார்ந்தால் இவை சுருங்கியபடியே கிடக்கும், தலைவலி பின்னாலிருந்து நெற்றிக்கு ஏறுகிறது என்று சொல்கிறவர்கள் சிலருக்கு இதுதான் காரணம். எல்லாத் தலைவலிக்கும் இதுவே காரணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்தால்தான் முதுகு கெடுகிறதாமே?

1960-களில் ஸ்வீடனில் நாகெம்சன் வட்டுக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அதிகம் என்றார், அதிலிருந்து வந்த பேச்சு. 1999-இல் வில்கே குழுவினர் திரும்ப அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் நிற்கிறபோதைவிடக் கூடுதல் என்று வரவில்லை. நேராக உட்கார் என்று திட்டுவதைவிட எழுந்து நட என்று திட்டலாம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் முதுகுத் தசையில் கொழுப்பு ஏறியிருப்பதாகப் போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.

படத்தில் தசை கரும்சாம்பலாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் தெரியும். மல்டிஃபிடஸுக்குள் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அப்படி எழுதுவார்கள். வயது ஏற ஏற இது எல்லோருக்கும் ஓரளவு வரும், கடைசி இரண்டு மட்டங்களில் அதிகம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். இந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்தார். இது தேங்காய்ச் சட்னியில் வந்த கொழுப்பு இல்லைங்க, வேலை கொடுக்காத தசையில் சேருகிறது.

பெல்ட் போடலாமா?

வலி உச்சத்தில் இருக்கிற இரண்டு மூன்று நாள், வெளியே போயே ஆக வேண்டும் என்றால் போடுங்கள். வருடக்கணக்கில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பெல்ட் முதுகு வலியை வராமல் தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

அப்போ எந்தப் பயிற்சி?

நான்கு காலில் நிற்கிற மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, சில நொடி நிறுத்தி, மாற்றிச் செய்வது நல்ல ஆரம்பம். கால் மேலே எவ்வளவு போகிறது என்பது முக்கியம் இல்லை, முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்குவது.

என் தொழிலுக்கு எதிராக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆழ்தசைக்கென்று தனியாக அமைத்த பயிற்சிகள் நாள்பட்ட முதுகு வலிக்கு உதவுகின்றன, ஆனால் மற்றப் பயிற்சிகளைவிட அவை பெரிதாக மேல் என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு திரட்டிய ஆய்வுகளில் தெரியவில்லை. நடை, நீச்சல், யோகா, எது உங்களால் ஆறு மாதம் விடாமல் செய்ய முடியுமோ அது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு?

தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது, கால் தளர்ந்து பாதம் தூக்க முடியாமல் போவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் டாக்டரிடம்தான் முதலில்.

பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்றிலிருந்து வலி. ஊசிதானே காரணம்?

இதைக் கேட்காத அம்மா இல்லை. அந்த ஊசி நடுக்கோட்டில் போகிறது. தோல், கொழுப்பு, முள்நீட்டங்களை இணைக்கிற நார்கள், அப்புறம் மஞ்சள் நார் என்று ஒரு தடித்த நார். ஆழ்தசைகள் எல்லாம் நடுக்கோட்டின் இரு பக்கமும்தான், ஊசி அவற்றுக்கு நடுவே இருக்கிற சந்து வழியாகப் போய் வந்துவிடுகிறது. போட்ட இடம் சில நாள் தொட்டால் வலிக்கலாம். வருடக்கணக்கில் நீடிக்கிற வலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை, ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அதே வலி வருகிறது.

போன மாதம் ஒரு பெண் இதே கேள்வியோடு வந்தாள், ஒன்றரை வயதுப் பையன் இடது இடுப்பில். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அவன் அங்கேயேதான் இருந்தான், அவள் இடுப்பு இடது பக்கம் தள்ளி, உடம்பு வலது பக்கம் சாய்ந்து நின்றது. வலி எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலது என்றாள். வலது பக்கத்துத் தசை நாள் முழுக்க அவனுக்கு எதிர்க்கயிறு இழுத்துக்கொண்டிருப்பதை அவள் கையையே எடுத்து வைத்துத் தொட்டுக் காட்டினேன். "இந்தப் பக்கம் வச்சா இவன் அழுவான்க்கா" என்றாள். மாற்றி வைத்துப் பார்த்தோம். அழுதான்.